ஞாயிற்றுக்கிழமை யாருக்கு ஓய்வு நாள்?

வாரத்தில் ஒரு நாள் ஓய்ந்திருக்க வேண்டும் என்பது வேதத்தில் உள்ள கட்டளை. முடிந்தால் செய், இல்லாவிட்டால் பரவாயில்லை என்கிற யோசனை அல்ல. பத்துக் கட்டளைகளில் ஒன்று! ஆனால் நம் கிறிஸ்தவ வீடுகளில் ஞாயிற்றுக்கிழமை எப்படி விடிகிறது என்று கொஞ்சம் எண்ணிப் பாருங்கள், சகோதரிகளே.

ஐந்து மணிக்கே எழுந்தால்தான் ஆயிற்று. சின்னவனுக்குத் தலைக்கு ஊற்ற வேண்டும். பெரியவளிடம் ஞாயிறு பள்ளி வசனத்தை ஒப்பிக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். வீட்டுக்காரரின் வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போட வேண்டும். பலகாரம் முடிந்த கையோடு மத்தியானக் கறிக்குழம்புக்கு வெங்காயம் உரித்து, மசாலா அரைத்து வைத்துவிட்டுத்தான் புடவையே மாற்ற முடியும். ஓட்டமும் நடையுமாக ஆலயத்துக்குப் போய் உட்கார்ந்தால், பிரசங்கம் தொடங்கிய ஐந்தாவது நிமிஷம் கண் சொருகும். பக்கத்தில் இருப்பவர் பார்த்துவிட்டாரோ என்று கூச்சம் வேறு! வீடு திரும்பினால் குழம்பு, ரசம், பொரியல், போதாததற்கு அவர் ஆலய வாசலிலிருந்து கையோடு அழைத்து வந்த இரண்டு விருந்தாளிகள். பாத்திரம் கழுவி நிமிரும்போது மணி நாலு. ஆறு மணிக்கு ஜெபக்கூட்டம். ராத்திரி, பிள்ளைகளின் பள்ளிக்கூடச் சீருடை.

வீட்டில் எல்லாருக்கும் அது ஓய்வு நாள்தான். அவர்களை ஓய்வாக வைத்திருக்கும் ஒருத்திக்கு மட்டும் வாரத்திலேயே கனத்த நாள்!

ஆச்சி கேட்ட கேள்வி

நாங்கள் குடியிருப்பது செட்டிநாட்டில், கானாடுகாத்தானில். ஒரு தெருவில் முகப்பு தொடங்கி அடுத்த தெருவில் பின்கட்டு முடியும் பெரிய வீடுகள் நிறைந்த ஊர். அவற்றில் பல, கல்யாணம் காட்சி என்றால் மட்டுமே திறக்கும். ஆலயத்துக்கு நாங்கள் காரைக்குடிக்குப் பஸ் ஏற வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை, இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றுமாகப் பிள்ளைகளுடன் பஸ்ஸுக்கு ஓடிக்கொண்டிருந்தேன். அடுத்த வீட்டு ஆச்சி திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். சாயங்காலம் பேச்சுவாக்கில் கேட்டார்:

"ஏத்தா, ஒங்க சாமி ஆறு நாள்ல ஒலகத்தப் படைச்சுப்புட்டு ஏழாம் நாள் ஓஞ்சிருந்தாகன்னு அன்னைக்கிச் சொன்னியே?"

"ஆமாங்க ஆச்சி."

"அப்ப ஒனக்கு எத்தனையாம் நாளு?"

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் பதில் வரவில்லை. ஆச்சியே தொடர்ந்தார்.

"எங்க மாமியா காலத்துல இந்த வீட்டுல நாலு அடுப்பு எரியும். மத்தியானச் சாப்பாடு ஆச்சுன்னா நாலும் அணைஞ்சுரும். அதுக்கப்புறம் யாரும் யாரையும் கூப்புட மாட்டாக. கொட்டான் பின்றவுக பின்னுவாக, படுக்கிறவுக படுப்பாக. வெளக்கு வைக்கிற வரைக்கும் அது பொம்பளைக நேரம். வேலை முடிஞ்சு போச்சுன்னா உக்காருவாக? முடியாது. ஆனா நேரம் ஆச்சுன்னா உக்காந்துருவாக!"

செட்டிநாட்டு வீடுகளில் கல்யாணமான மகன்களை 'வேறு வைப்பது' வழக்கம். ஒரே வீட்டுக்குள் ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனி அடுப்பு, தனிக் கணக்கு. அதைத்தான் நாலு அடுப்பு என்றார் ஆச்சி. அவர் கடைசியாகச் சொன்ன வார்த்தையைத்தான் இந்தக் கட்டுரை முழுவதும் வேறு வேறு விதமாகச் சொல்லப் போகிறேன். அடுப்படி வேலைக்கு முடிவு கிடையாது. எனவே வேலை முடிந்தபின் ஓய்வு என்று காத்திருப்பவளுக்கு ஓய்வு வரவே வராது. நேரம் வந்தால் ஓய்வு என்று வைத்துக்கொண்டால்தான் உண்டு.

கட்டளையில் ஒரு பெயர் இல்லை!

யாத்திராகமம் 20ஆம் அதிகாரத்தில் ஓய்வுநாள் கட்டளையை எடுத்துப் படியுங்கள். அன்று வேலை செய்யக் கூடாதவர்கள் யார் யார் என்று ஒரு பட்டியலே இருக்கிறது. நீ, உன் மகன், உன் மகள், உன் வேலைக்காரன், வேலைக்காரி, உன் மிருகங்கள், உன் ஊரில் தங்கியிருக்கும் அந்நியன். ஆடு மாடு வரைக்கும் வந்துவிட்டது. மனைவி எங்கே? உபாகமம் 5ஆம் அதிகாரத்தில் அதே கட்டளை மறுபடியும் வருகிறது. அங்கும் மனைவி இல்லை!

"பார்த்தீர்களா, நமக்கு அங்கேயே விடுதலை இல்லை" என்று பெருமூச்சு விடாதீர்கள். வேத அறிஞர்கள் பலர் இதற்குச் சொல்லும் விளக்கம் அழகானது: முதலில் வரும் 'நீ' என்ற சொல்லிலேயே மனைவியும் அடக்கம். அதாவது அவளும் வீட்டின் தலைமையில் ஒருத்தி. தான் ஓய்வதோடு, மற்றவரை ஓய வைக்கும் பொறுப்பும் அவளுக்கு உண்டு.

இதற்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது. நம் வீட்டில் பாத்திரம் துலக்க வரும் அம்மாவுக்கு வாரத்தில் எந்த நாள் லீவு? அந்தப் பட்டியலில் அவர் பெயர் தெளிவாகவே இருக்கிறதே! நாம் ஆலயத்தில் உட்கார்ந்து பாட்டுப் பாட, அவர் நம் அடுப்படியில் கறிச்சட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தால் அந்தக் கட்டளையை நாம் பாதிதான் கைக்கொள்கிறோம்.

சரி, எல்லாரும் உட்கார்ந்துவிட்டால் சாப்பாட்டுக்கு என்ன வழி? அதற்கும் யாத்திராகமத்திலேயே பதில் இருக்கிறது. 16ஆம் அதிகாரத்தில் இஸ்ரவேலர் வனாந்தரத்தில் மன்னா பொறுக்கினார்கள். தினமும் அன்றன்றைக்கு உள்ளது மட்டும். ஆறாம் நாள் மட்டும் இரண்டு மடங்கு. சுடுவதைச் சுட்டு, வேகவைப்பதை வேகவைத்து, மீதியை மறுநாளுக்கு எடுத்து வைக்கச் சொன்னார் மோசே. அடுப்படியை அறிந்தவர் பேச்சல்லவா இது! ஓய்வு நாள் சனிக்கிழமை சாயங்காலமே அடுப்படியில் தொடங்கிவிட வேண்டும் என்பதே இதில் நமக்குப் பாடம்.

முதலில் தூக்கம், பிறகு ஜெபம்

"ஜெபிக்க உட்கார்ந்தா மனசு ஒட்டவே மாட்டேங்குதுங்க. நான் பின்மாற்றமாப் போயிட்டேனோன்னு பயமா இருக்கு" என்று ஒரு இளம் தாய் என்னிடம் சொன்னாள். கையில் ஏழு மாதக் குழந்தை. ராத்திரி எத்தனை மணி நேரம் தூங்குகிறாய் என்று கேட்டேன். "மூணு மணி நேரம் சேர்ந்தாப்ல தூங்கினா அதிசயம்" என்றாள்.

எலியா தீர்க்கதரிசியின் கதை நமக்குத் தெரியும். எதிரிக்குப் பயந்து ஓடி, சூரைச்செடியின் கீழ் விழுந்து, சாக வேண்டும் என்று கேட்டுக்கொண்டவர். தூதன் வந்து அவரைக் கண்டிக்கவில்லை. உனக்கு விசுவாசம் இல்லை என்று பிரசங்கமும் பண்ணவில்லை. தணலில் சுட்ட அடையையும் தண்ணீரையும் தலைமாட்டில் வைத்து, எழுந்து சாப்பிடச் சொன்னார். சாப்பிட்டவர் மறுபடி தூங்கினார். மறுபடியும் எழுப்பிச் சாப்பாடு. அதற்கப்புறம்தான் மலைக்குப் பயணம். அங்கேதான் மெல்லிய சத்தம். சாப்பாடு, தூக்கம், பிறகு தேவ சத்தம். இந்த வரிசையைக் கவனியுங்கள்.

இதில் ஆரோக்கிய விஷயமும் கலந்திருக்கிறது. 2019-21இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரை உள்ள பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. இரண்டு பேரில் ஒருவருக்கும் மேல்! எப்போதும் அசதி, படி ஏறினால் மூச்சிரைப்பு, எதிலும் மனம் ஒட்டாமை என்றால், ஆத்துமா வறண்டுவிட்டது என்று முடிவு கட்டுவதற்குமுன் ஹீமோகுளோபின் பரிசோதனை ஒன்று செய்து பாருங்கள். டாக்டர் இரும்புச் சத்து மாத்திரை கொடுத்தால், அதைக் காப்பி, டீயோடு சேர்த்து விழுங்காதீர்கள். சத்து உடம்பில் ஒட்டாது. குழந்தை பிறந்தபின் வாரக்கணக்கில் அழுகையும் சோர்வும் மாறவில்லை என்றாலும் டாக்டரிடம் சொல்லியே ஆக வேண்டும். அதில் வெட்கத்துக்கும் இடமில்லை, விசுவாசக் குறைவுக்கும் இடமில்லை.

இன்னொரு கணக்கையும் கேளுங்கள். 2024இல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்காக ஒரு நாளில் செலவிடும் நேரம் சராசரி 289 நிமிஷம். வீட்டு வேலை செய்யும் ஆண்கள் செலவிடுவது 88 நிமிஷம். பிள்ளைகளையும் பெரியவர்களையும் கவனிக்கும் நேரம் இதில் சேரவில்லை. அது தனிக் கணக்கு. நம் களைப்பு நாமாகக் கற்பனை செய்துகொண்டதல்ல, சகோதரிகளே!

நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்கு அம்மா

"ஊழியம் செய்கிறவர்களுக்கு ஓய்வு எதற்கு? தேய்ந்து போவதுதானே தியாகம்?" என்று கேட்பவர்கள் உண்டு. தமிழ்நாட்டு மிஷனெரிகளின் சரித்திரமே இதற்குப் பதில் சொல்கிறது. மதுரைப் பக்கம் வேலை செய்த அமெரிக்க மிஷனெரிகளில் பலர் நோயில் விழுந்தார்கள், சிலர் இறந்தும் போனார்கள். மிஞ்சியவர்கள் உடம்பைத் தேற்றிக்கொள்ள மலை ஏறினார்கள். 1845இல் கொடைக்கானலில் அவர்கள் கட்டிய இரண்டு வீடுகளே இன்று நாம் காணும் கொடைக்கானல் ஊரின் தொடக்கம்.

திருநெல்வேலி மாவட்டம் டோனாவூரில் இருந்த ஏமி கார்மைக்கேல் அம்மையாரை நினைத்துப் பாருங்கள். அயர்லாந்தில் பிறந்து 1895இல் இந்தியா வந்தவர். 1901 முதல் ஆதரவில்லாத பெண் குழந்தைகளை ஒவ்வொன்றாகச் சேர்த்து, கடைசியில் நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்கு 'அம்மா' ஆனவர். 1951இல் கண்ணை மூடும்வரை, 55 வருஷம், ஒரு தரம்கூடச் சொந்த நாட்டுக்கு விடுமுறையில் போகவில்லை. அவர் ஓய்வையே வெறுத்தவர் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் 1917இல் மேற்கு மலைத்தொடரில் ஒரு காட்டு நிலத்தை வாங்கி வீடு கட்டினார். எதற்கு? கீழே வெயிலில் உழைத்த தோழியரும் பிள்ளைகளும் முறைவைத்து மேலே போய், அருவியில் குளித்து, அமைதியாக இருந்துவிட்டு வருவதற்கு! தியாகத்தின் பேரில் யாரையும் தேய விடக் கூடாது என்பதில் அந்த அம்மா தெளிவாக இருந்தார்.

மணி அடித்தால் எழுந்துவிடு

ஓய்வை ஒரு நாள் முழுவதும் கண்ணால் பார்க்கும் வாய்ப்பு எனக்கும் கிடைத்தது. என் தாயார் வந்து பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள, செட்டிநாடு ஸ்டேஷனில் ரயிலேறித் திருச்சி போய், அங்கிருந்து குளித்தலை பக்கம் தண்ணீர்ப்பள்ளியில் உள்ள சாந்திவனம் ஆசிரமத்துக்குப் போனேன். காவிரிக் கரையில், மரங்களுக்கு நடுவே, நம் ஊர்க் கோயில் போன்ற அமைப்பில் ஓர் ஆலயம். 1950இல் இரண்டு பிரெஞ்சுத் துறவிகள் காவி உடுத்தித் தொடங்கிய இடம். பிறகு 1968 முதல் 1993இல் இறக்கும்வரை, இங்கிலாந்திலிருந்து வந்த பீட் கிரிஃபித்ஸ் அடிகளார் அங்கே இருந்தார். கத்தோலிக்க ஆசிரமம்தான், ஆனால் எல்லாரும் வந்து தங்குகிறார்கள்.

அங்கே என்ன செய்தேன் என்றா கேட்கிறீர்கள்? மற்றவர்களோடு உட்கார்ந்து காய் நறுக்கினேன்! ஆம், அங்கும் வேலை உண்டு. ஆனால் மணி அடித்தது. பாதி நறுக்கிய பூசணிக்காயை அப்படியே வைத்துவிட்டு எல்லாரும் எழுந்தார்கள். ஒருவரும் "இதை மட்டும் முடிச்சுட்டு வர்றேன்" என்று சொல்லவில்லை. ஜெபம் முடிந்து திரும்பி வந்தபோது பூசணிக்காய் அங்கேயேதான் இருந்தது. அது எங்கே போகும்? ஆச்சி சொன்னதும் இதைத்தானே!

நம் எல்லாராலும் காவிரிக் கரைக்குப் போக முடியாது. போக முடிந்தால் வருஷத்துக்கு ஒரு நாளாவது போய் வாருங்கள். சீர்திருத்த சபைச் சகோதரிகளுக்குத் திருப்பத்தூரில் 1921இல் இரண்டு மருத்துவர்கள் சேர்ந்து தொடங்கிய கிறிஸ்துகுல ஆசிரமம் இருக்கிறது. எங்கள் சிவகங்கை மாவட்டத்திலேயே 1894இல் கட்டிய இடைக்காட்டூர் திருஇருதய ஆலயம் இருக்கிறது. வார நாளில் போனால் கூட்டம் இருக்காது. அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்துவிட்டு வரலாம். ஆனால் எதற்கும் போக முடியாதவளுக்கு வீட்டிலேயே ஒரு மணி வேண்டும்.

என் மணி எது தெரியுமா? எங்கள் தெருக்கோடிக் கோயிலின் உச்சிக்கால பூஜை மணி! அது அடிக்கும்போது கையில் இருப்பதைக் கீழே வைத்துவிடுவேன். அடுப்பைச் சின்னதாக்கிவிட்டு முற்றத்துத் தூணில் சாய்ந்து பதினைந்து நிமிஷம். முதல் ஐந்து நிமிஷம் மூச்சு வாங்கவே சரியாக இருக்கும். பிறகு ஒரு சங்கீதம், பிறகு மௌனம். சில நாள் அப்படியே கண்ணயர்ந்துவிடுவதும் உண்டு. எலியாவைத் தூங்கவிட்டவர் என்னையும் விடுவார் என்றிருப்பேன்.

வீட்டுக்கு வீடு செய்யக் கூடியவை

1. சனிக்கிழமை சாயங்காலமே ஞாயிறுக்கு ஆயத்தம் செய்யுங்கள். பூண்டுக் குழம்பும் கத்தரிக்காய்ப் புளிக்குழம்பும் மறுநாள்தான் ருசி என்று நம் பாட்டிமார்களுக்குத் தெரியும். இட்லி மாவு தயாராக இருக்கட்டும். உடுப்புகளை எடுத்து வைப்பது பிள்ளைகளின் பொறுப்பு.

2. கறி இல்லாமல் ஞாயிறு இல்லை என்பவர்கள், அதைச் சனிக்கிழமை ராத்திரிக்கு மாற்றிப் பாருங்கள். ருசி குறையாது, பிரசங்கம் காதில் விழும்!

3. விருந்தாளிகளை மாதத்தில் ஒரு ஞாயிறு அழைக்கலாம். அன்று பரிமாறுவதும் பாத்திரம் கழுவுவதும் வீட்டு ஆண்கள் வேலை. "எங்க அம்மா என்னை அப்படி வளர்க்கலை" என்பார்கள். சீஷர்களின் கால்களைக் கழுவியவர் யார் என்று சிரித்துக்கொண்டே கேளுங்கள்.

4. மாமியாரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். "அத்தை, நீங்களும் நாப்பது வருஷமா ஓஞ்சு உட்காரலையே, வாங்க, சேர்ந்து உட்காருவோம்" என்று சொல்லிப் பாருங்கள். உங்களுக்கு முன்னால் அந்த அடுப்படியில் வெந்தவர் அவர்தானே?

5. அந்தப் பதினைந்து நிமிஷத்தில் கைப்பேசியை அடுத்த அறையில் வையுங்கள். அதைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பதில் கால் ஓயும், மனம் ஓயாது.

6. கைக்குழந்தைக்காரிகள் தனிநேரம் கிடைக்கவில்லையே என்று ஏங்க வேண்டாம். பால் கொடுக்கும் நேரமே உங்கள் ஜெபவேளை. ஒரே ஒரு வசனத்தை எடுத்துக்கொண்டு, அதையே அன்றைக்கு முழுவதும் மனத்தில் வைத்திருந்தால் போதும்.

குழந்தை விழித்துவிட்டால்?

அன்று யாராவது கதவைத் தட்டினால்? எல்லா ஏற்பாடும் பாழாகிவிட்டதா?

மாற்கு சுவிசேஷம் 6ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். சாப்பிடக்கூட நேரமில்லாமல் ஜனங்கள் மொய்த்தபோது, இயேசு தம் சீஷர்களைத் தனி இடத்தில் இளைப்பாற அழைத்துப் படகில் போனார். என்ன ஆயிற்று? ஜனங்கள் கரைவழியே ஓடி அவருக்கு முன்னால் அங்கே போய் நின்றுவிட்டார்கள்! அவர் மனம் இரங்கினார், போதித்தார், ஐயாயிரம் பேருக்குச் சாப்பாடும் போட்டார். ஆனால் கதை அதோடு முடியவில்லை. சாப்பாடு ஆனதும் சீஷர்களைப் படகில் அனுப்பிவிட்டு, ஜனங்களையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, ஜெபிக்க மலைக்கு ஏறினார். தட்டிப்போன ஓய்வை அவர் விட்டுவிடவில்லை, அன்றைக்கே எடுத்துக்கொண்டார்.

இங்கிலாந்தில் ஜான் வெஸ்லியின் தாயார் சூசன்னாவுக்குப் பத்தொன்பது குழந்தைகள் பிறந்து, பத்துப் பேர் தங்கினார்கள். ஜெபிக்கத் தனி அறை கிடைக்காதபோது அவர் மேலங்கியைத் தலைக்குமேல் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவாராம்; அப்போது பிள்ளைகள் யாரும் அம்மாவைக் கூப்பிடக் கூடாதாம். மேலங்கிக்கு நாம் எங்கே போவது என்கிறீர்களா? முந்தானை எதற்கு இருக்கிறது!

அம்மா உட்கார்ந்திருப்பதைப் பார்த்து வளரும் பெண் பிள்ளை, நாளை தன் வீட்டில் உட்காரக் கூச்சப்பட மாட்டாள். அதைப் பார்த்து வளரும் ஆண் பிள்ளை, நாளை தன் மனைவியைப் பார்த்து "என்ன, சும்மா உட்கார்ந்திருக்கே?" என்று கேட்க மாட்டான். உங்கள் பதினைந்து நிமிஷம் உங்களோடு நிற்பதில்லை, சகோதரிகளே.

வருகிற சனிக்கிழமை சாயங்காலம் குழம்புக்குப் புளி ஊற வைக்கும்போது, வழக்கத்தைவிட ஓர் எலுமிச்சங்காய் அளவு கூடுதலாகப் போடுங்கள். நாளைக்கு உங்களுக்கான மன்னா அதில்தான் இருக்கிறது.